ஏழே காலும் ஒரு தொப்பிப் புராணமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் சண்டைக்கு வரக்கூடாது. எனக்குத் தட்டைச் சொண்டு வைத்த தொப்பி பிடிக்காது. அதிலும் கடையில் ஒட்டின ஸ்ரிக்கரைக் கழற்றாமல் அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறவர்களை அறவே பிடிக்காது. இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் எங்கள் வகுப்புப் பெடியள். அவர்களில் பாதிப்பேர் இப்போது கையை மெல்லத் தூக்கித் தங்கள் தொப்பியின் சொண்டைத் தடவிப் பார்ப்பார்கள் என்றும் தெரியும். பார்க்கட்டும். :-)

(சொண்டு என்று நான் சொல்வது நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியை. அம்மம்மா முதல்முதல் என்னைத் தொப்பியோடு பார்த்துவிட்டு "உதென்ன பிள்ளை, உனக்குச் சொண்டு முளைச்சிருக்கு?" என்று கேட்டா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். ரொறன்ரோ அணியே ஒரு நீலக் குருவியின் பெயரை வைத்திருப்பதால் இந்த ஊருக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது.)

தொப்பி என்றால் தலையில் கவிழ்க்கிற ஒரு சாமான், அதில் என்ன பெரிய ரசனை வேண்டிக்கிடக்கிறது என்று போன கிழமை ஒரு தோழி கேட்டாள். அவள் ஒரு சோடி சப்பாத்து வாங்க நாலு மோல் ஏறி இறங்குகிறவள். காலுக்கு அரை சைஸ் கூடினால் நடக்க ஏலாது என்று கடைக்காரரோடு வாதாடுகிறவளுக்கு, தலைக்கு அரைக்கால் சைஸ் கணக்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. அவளுக்காகத்தான் இந்தப் புராணம்.

பேஸ்போல் தொப்பியில் அடிப்படையாக இரண்டு வகை. பின்னுக்கு பிளாஸ்ரிக் பட்டியோ துணிப் பட்டியோ வைத்து இறுக்கித் தளர்த்துவது ஒன்று. சுற்றி முழுக்க மூடி, உங்கள் தலை அளவுக்கே தைத்து விற்பது மற்றது. முதலாவது யாருக்கும் பொருந்தும். அதாவது யாருக்கும் சரியாகப் பொருந்தாது. இரண்டாவது பொருந்தினால் தலையில் இருப்பதே தெரியாது, பொருந்தாவிட்டால் பின்னேரத்துக்கிடையில் தலையிடி. நான் இரண்டாவது கட்சி.

மூடின தொப்பிக்குள் ஒரு சின்னச் சீட்டில் 7¼ என்று எழுதியிருக்கும். முதல்தரம் பார்த்தபோது இது என்ன கணக்கு என்று விளங்கவில்லை. ஏழே கால் அங்குலம் சுற்றளவுள்ள தலை பிறந்த குழந்தைக்குக்கூட இராது. பிறகுதான் தெரிந்தது, அது சுற்றளவில்லை, விட்டம். காதுக்கு மேலாக, புருவத்துக்குச் சற்று மேலாக நாடாவைச் சுற்றி அளந்து, வருகிற அங்குலத்தைப் 'பை'யால், அதுதான் 3.14ஆல், வகுத்தால் கிடைப்பதுதான் தொப்பி சைஸ். என் தலை 57.7 சென்ரிமீற்றர். வகுத்துப் பார்த்தால் ஏழே கால். ஒவ்வொரு அரைக்காலுக்கும் சுற்றளவு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் கூடும். 7⅛ என்றால் ஏழேயரைக்கால், 7⅜ என்றால் ஏழே காலே அரைக்கால். அம்மம்மா சின்ன வயதில் மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கமெல்லாம் இந்தக் கனடாவில் தொப்பிக்கடையில் வந்து உதவுகிறது பாருங்கள்.

இதில் ஒரு பொய்யும் இருக்கிறது. விட்டம் என்று சொல்ல, தலை வட்டமாக இருக்கவேண்டும். யாருடைய தலை வட்டம்? முன்பின்னாக நீண்ட தலைதான் அதிகம். ஆகவே நாடா சொன்ன அளவை வாங்கிப் போட்டாலும் சிலருக்கு நெற்றியில் கோடு விழும், காதுக்கு மேலே விரல் போகிற இடைவெளி இருக்கும். கணக்கியலில் சராசரி விலை என்று ஒன்று எடுப்போமே, எந்தப் பொருளுக்கும் உண்மையில் அந்த விலை இராது, அதைப்போலத்தான் இதுவும். சீட்டில் உள்ள எண்ணை நம்பி இணையத்தில் வாங்குகிறவர்களுக்குக் கடவுள் துணை. நான் கடையில் போட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. போட்டுவிட்டுக் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறமாதிரி ஒரு பாவனை செய்வேன். விழக்கூடாது. நிமிர்ந்து கழற்றினால் நெற்றியில் சிவப்புக் கோடு இருக்கக்கூடாது. அவ்வளவுதான் பரீட்சை.

பெட்டையளுக்கு இன்னொரு பிரச்சினை இருக்கிறது. தலைமயிர். எனக்கு இடுப்புவரை இல்லாவிட்டாலும் அம்மா மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லுகிற அளவுக்கு இருக்கிறது. தலை முழுகின அன்றைக்கு மயிர் பொங்கி நிற்கும், அன்று என் சைஸ் ஏழே காலே அரைக்கால். எண்ணெய் வைத்துப் படிய வாரின அன்றைக்கு ஏழே கால். ஒரே தலைக்கு இரண்டு சைஸ்! அதனால் முழுகின அன்று தொப்பி போடுவதில்லை. எண்ணெய் வைத்த அன்றும் போடமுடியாது, ஏனென்றால் தேங்காயெண்ணெய்க்கும் தொப்பிக்கும் ஏழாம் பொருத்தம். உள்ளே நெற்றியைச் சுற்றி வியர்வைப் பட்டி ஒன்று இருக்கிறது. அதில் எண்ணெய் ஏறினால் ஒரு மாதத்தில் வெளியே கறுத்த வளையம் தெரியும், பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. ஆக, முழுகி ஒருநாள் கழிந்தபின் உள்ள மூன்று நாலு நாள்தான் என் தொப்பி நாட்கள். பஞ்சாங்கம் பார்க்கிறமாதிரித்தான்.

குதிரைவாலாகக் கட்டிப் பின்துவாரத்துக்குள்ளால் மயிரை எடுத்து விடுவது ஒரு வழி. அதற்குப் பட்டி வைத்த தொப்பி வேண்டும். பார்க்க வடிவுதான், ஓடுகிறவர்களுக்கு வசதியும்கூட. ஆனால் என்னுடைய மயிர்க் கட்டு அந்தத் துவாரத்துக்குள் போனால் தொப்பியின் பின்பக்கம் தூக்கி, சொண்டு மூக்கில் வந்து இடிக்கும். கழற்றும்போது நாலு மயிராவது பட்டியில் மாட்டிக்கொண்டு வரும். ஆகவே கழுத்தடியில் தாழ்வாக ஒற்றைப் பின்னல், மேலே மூடின தொப்பி. இதுதான் என் முடிவான முடிவு. "பெண்களுக்கு" என்று தனியாக மாட்டி வைத்திருக்கிற தொப்பிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அதே தொப்பியை ரோஸ் நிறத்தில் முக்கி, குருவியில் நாலு மினுங்கற்கல் ஒட்டினால் அது பெண்களுக்காம். மயிர் எங்கே போகும் என்று யோசிக்க ஒருவரும் இல்லை.

சரி, மூடின தொப்பிதான் நல்லதென்றால் ஏன் எல்லாக் கடையிலும் பட்டித் தொப்பியே தொங்குகிறது? இது கொமேர்ஸ் படிக்கிறவர்களுக்கு வலு சுகமான கேள்வி. 6⅞இலிருந்து 8வரை அரைக்கால் அரைக்காலாகப் போனால் பத்து அளவு. பெரிய லீக்கில் 30 அணி. ஒவ்வோர் அணிக்கும் ஒரேயொரு நிறத் தொப்பி என்று வைத்தாலும் 300 விதம் இருப்பில் வேண்டும். பட்டித் தொப்பிக்கு 30 போதும். நடு அளவுகள் முதலில் விற்றுப்போக, சின்னனும் பெரிசும் தட்டில் கிடந்து தூசு பிடிக்கும், அதில் முடங்கின காசுக்கு வட்டி யார் கட்டுவது? குரங்குகளிடம் குல்லாவைப் பறிகொடுத்த வியாபாரியின் கதை தெரியும்தானே. அந்த மனிசன் தன்னுடைய குல்லாவைக் கழற்றி எறிய, எல்லாக் குரங்கும் கழற்றி எறிந்தன. அவ்வளவு குரங்குகளுக்கும் ஒரே சைஸ் பொருந்தியிருக்கிறது என்றால் அவர் விற்றதும் சைஸ் பார்க்காத சாமான்தான். புத்திசாலி வியாபாரி.

இந்தத் தொப்பியின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். தொடக்கத்தில் நியூயோர்க்கில் பேஸ்போல் விளையாடியவர்கள் வைக்கோல் தொப்பி போட்டிருக்கிறார்கள். 1860ஆம் ஆண்டளவில் புரூக்ளின் எக்ஸெல்சியர்ஸ் என்ற அணி, உருண்டையான மேல்பகுதியும் முன்னுக்குச் சொண்டுமாக ஒரு துணித் தொப்பியைப் போட்டது. இன்றைக்கு உலகம் முழுக்கத் திரிகிற தொப்பிக்கு அதுதான் மூத்த பாட்டி. 1920இல் எங்களுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம், பஃபலோவில், எர்ஹார்ட் கோக் என்ற ஜேர்மன் குடிவரவாளர் ஒரு தொப்பிக் கொம்பனியைத் தொடங்கினார். அதுதான் நியூ எரா. 1934இல் கிளீவ்லண்ட் அணிக்குத் தைத்துக் கொடுத்தார்கள். 1954இல் இன்றைய 59ஃபிஃப்டி என்கிற மூடின தொப்பியின் வடிவம் வந்தது. 1993இலிருந்து பெரிய லீக் வீரர்கள் மைதானத்தில் போடுவது முழுக்க அவர்களுடைய தொப்பிதான். 2019இல் பஃபலோவுக்குக் கிட்ட டேர்பியில் இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இங்கிருந்து நயாகராவைச் சுற்றிப்போனால் இரண்டு மணித்தியால ஓட்டம், ஒருதரமாவது போய்ப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

அணியின் நிறத்தைத் தவிர வேறு நிறத்தில் தொப்பி போடலாம் என்ற எண்ணம் பெருமளவு ஸ்பைக் லீ என்ற சினிமாக்காரர் கிளப்பிவிட்டது. 1996இல் யாங்கீஸ் அணிக்குச் சிவப்பில் ஒரு தொப்பி வேண்டும் என்று கேட்டு வாங்கி, உலகத் தொடருக்குப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். அந்த அணியின் நிறம் கருநீலம். அதற்குப் பிறகு ஊதா, பச்சை, தங்கம் என்று எல்லா நிறத்திலும் வரத் தொடங்கின. இதில் நான் பழமைவாதி. நீலக் குருவியைச் சிவப்பில் போட்டால் அது என்ன குருவி? அதேபோல, பேஸ்போலே பார்த்திராதவர்கள் அந்த என்-ஒய் எழுத்துத் தொப்பியைப் போடுவதைப் பற்றியும் கேலி இருக்கிறது. எனக்கு அதில் கோபமில்லை. அந்தப் பின்னிய எழுத்தே அணிக்காக வரைந்ததல்ல. 1877இல் கடமையில் சுடப்பட்ட ஒரு நியூயோர்க் பொலிஸ்காரருக்குக் கொடுத்த பதக்கத்துக்காக ரிஃபனி நகைக்காரர்கள் வரைந்தது, அணி 1909இல் எடுத்துக்கொண்டது. இரவல் வாங்கின எழுத்தை ஊர் இரவல் வாங்குகிறது.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. 2007வரை மைதானத் தொப்பி கம்பளி. அந்த வருஷம் பொலியெஸ்ரருக்கு மாற்றினார்கள். கம்பளி மழையிலும் வியர்வையிலும் சுருங்கும், தலைக்கேற்றபடி தானே பதிந்துகொள்ளும் என்று பழைய ஆட்கள் இன்னும் ஏங்குகிறார்கள். நான் பஸ்ஸுக்குக் காத்து நின்று நனைகிற கட்சி. பொலியெஸ்ரர் போதும். ஆனால் அந்த மாற்றத்தோடு சொண்டின் அடிப்பக்கத்தையும் கறுப்பாக்கினார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முந்தி பச்சை, பிறகு சாம்பல், இப்போது கறுப்பு. வெளிச்சம் கண்ணில் அடிக்காது என்பது காரணம். விளையாடுகிறவர்களுக்குச் சரி. கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கள், கறுப்பு அடிச்சொண்டு முகத்துக்கு மேலே ஒரு குகையைக் கட்டிவிடும். பச்சை அடிச்சொண்டோடு பழைய பாணியில் இப்போதும் செய்கிறார்கள், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

உயரம். இதைத்தான் ஒருவரும் பார்த்து வாங்குவதில்லை. முன்பக்க இரண்டு துண்டுகளுக்கு உள்ளே விறைப்பான துணி வைத்துத் தைத்தால் தொப்பி தனியே மேசையில் வைத்தாலும் நிமிர்ந்து நிற்கும். என் முகம் சின்னது. அந்த நிமிர்ந்த தொப்பியை நான் போட்டால் அம்மா சொல்வதுபோல "புட்டுப்பானைக்கு மூடி" தான். ஆகவே உயரம் குறைந்த வெட்டு, விறைப்பு கொஞ்சம் இருக்கவேண்டும், முற்றாக இல்லாவிட்டால் கழுவிக் காய்ந்த துவாய்மாதிரித் தலையில் தொங்கும். 2015, 2016 அளவில் 'அப்பாத் தொப்பி' என்று அந்தத் தொங்கல் தொப்பிகள் ஒரு கலக்குக் கலக்கின. எனக்கு அது ஒட்டவில்லை. எங்கள் அப்பா போடுவது வேறு தொப்பி என்பதாலும் இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

சொண்டை வளைப்பது ஒரு கலை. கைகளால் ஒரேயடியாக மடித்தால் நடுவில் கூரைமுகடு விழும். நான் செய்வது: சொண்டை மெதுவாக உருட்டி வெறும் நெஸ்டமோல்ட் ரின்னுக்குள் இறக்கி இரவு முழுக்க விடுவேன். இரண்டு மூன்று இரவு. பழைய காலச் சொண்டுக்குள் மட்டை அட்டை இருந்ததால் தண்ணீர் பட்டால் ஊறிப்போகும். இப்போது உள்ளே பிளாஸ்ரிக், ஈரத்துக்குப் பயமில்லை. கண்ணின் இரண்டு ஓரத்தையும் மறைக்காமல், நெற்றி வளைவுக்குச் சமாந்தரமாக நிற்கவேண்டும், அதற்குமேல் வளைத்தால் குருவிச் சொண்டு வாத்துச் சொண்டாகிவிடும்.

பின்பக்கமாகத் திருப்பிப் போடுவதைப் பற்றி என்ன சொல்ல. கென் கிரிஃபி ஜூனியர் என்று ஒரு பெரிய ஆட்டக்காரர். 1990களில் தொப்பியைத் திருப்பிப் போட்டுப் பயிற்சி செய்தார் என்பதற்காக, மரியாதை தெரியாதவன் என்று ஒரு எதிரணி மேலாளர் வெளிப்படையாகவே குறைசொன்னார். காரணம் என்னவென்றால், அவருடைய தகப்பனும் பெரிய ஆட்டக்காரர். சின்ன வயதில் அவருடைய தொப்பியைத்தான் எடுத்துப் போடுவாராம். தகப்பனின் தலை பெரிது, சொண்டு கண்ணை மறைக்கும், திருப்பிப் போட்டால்தான் பந்து தெரியும். பிறகு பழகிவிட்டது. 1990இல் தகப்பனும் மகனும் சியாட்டில் அணியில் ஒன்றாகவே விளையாடினார்கள். 2016இல் புகழ்மண்டபத்தில் சேர்த்தபோது பேச்சை முடித்துவிட்டுத் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். எனக்குத் திருப்பிப் போடப் பிடிக்காது. ஆனால் அந்தக் காட்சியை நாலைந்து தரம் பார்த்திருக்கிறேன்.

மரியாதை என்ற சொல் வந்ததால் இதையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் தொப்பிக்கு எதிர்ப்பு ரசனையால் வந்ததல்ல. பயத்தால் வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஸ்காபரோவில் தமிழ்ப் பெடியளின் குழுச் சண்டைகள் பேப்பரில் வந்த காலம். தொளதொள உடுப்பும் சரித்துப் போட்ட தொப்பியும் என்றால் வயதானவர்கள் வீதியை மாறிப் போவார்களாம். பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணா, அப்போது கொலிஜில் படித்துக்கொண்டு இரவில் பேக்கரியில் வேலை செய்தவர். சண்டை சச்சரவு ஒன்றும் தெரியாத மனிசன். தொப்பி போட்டிருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாமல் ஒரே மாரிகாலத்தில் மூன்றுதரம் ரோந்துக் காரில் வந்தவர்கள் மறித்திருக்கிறார்கள். பெயர், விலாசம், எங்கே போகிறாய், கையிலுள்ள பையில் என்ன. பையில் இருந்தது பாண். மூன்றாம் தரம் வீட்டுக்கு வந்து தொப்பியைக் குப்பையில் போட்டவர், இன்றுவரைக்கும் போட்டதில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் தருகிற கடதாசித் தொப்பியைக்கூட. 2017இல் ஒன்ராறியோவில் இப்படி ஏனோதானோ என்று ஆட்களை மறித்துப் பெயர் பதிவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அண்ணாவுக்கு அப்போது தலையும் பாதி வழுக்கை.

அதனால்தான் நான் முதல் தொப்பியோடு வீட்டுக்குள் வந்த அன்று அம்மா திட்டவில்லை. "வெளியாலை போகேக்கை கழட்டிப் போட்டுப் போ பிள்ளை" என்று மட்டும் மெதுவாகச் சொன்னா. வெளியே போடுவதற்குத்தானே அம்மா தொப்பி என்றேன். பொம்பிளைப் பிள்ளையை மறிக்கமாட்டார்கள் என்று அம்மாவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டா. தம்பி வளர்ந்து தொப்பி கேட்டபோது அந்தச் சமாதானம் வேலை செய்யவில்லை. அவன் இன்றைக்கும் தொப்பியைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய் பஸ் ஏறினபிறகுதான் போடுகிறான். அம்மாவுக்கும் அது தெரியும்.

இனி அப்பாவின் தொப்பி. அப்பா லொறி ஓடுகிறவர். கொம்பனி கொடுத்த தொப்பி: முன்னுக்குக் கடற்பஞ்சுமாதிரி ஒரு ஃபோம், அதில் கொம்பனியின் பெயர், பின்னுக்கு வலை, பிளாஸ்ரிக் பட்டி. அமெரிக்காவில் 1960களிலிருந்து மாட்டுத்தீவனம், விதை, உழவு இயந்திரம் விற்கிறவர்கள் கமக்காரர்களுக்கும் லொறிக்காரர்களுக்கும் இலவசமாகக் கொடுத்த விளம்பரத் தொப்பி இது. செலவு சதக்கணக்கு, விளம்பரம் வருஷக்கணக்கு. 2000களின் தொடக்கத்தில் ஹொலிவூட் ஆட்கள் இதையே வொன் டச் என்ற பெயர் போட்டு அணிந்தபோது, சும்மா கிடைத்த சாமானைக் காசு கொடுத்து வாங்கக் கூட்டம் அலைமோதியது. எங்கள் அப்பா நாகரிகத்தில் முந்திக்கொண்டவர் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். கோயிலுக்குப் போனால் சப்பாத்தோடு தொப்பியையும் காருக்குள் விடுவார். வேறெங்கே போனாலும் அதே தொப்பி. கலியாண வீட்டு வாசல்வரைக்கும்கூட.

அந்தத் தொப்பி அப்பாவின் தலையில் எப்போதும் இடப்பக்கம் சரிந்திருக்கும், பட்டி கடைசித் துளையில் நிற்கும். காற்றடித்தால் பறக்கும். இரண்டுதரம் 401 பெருந்தெருவில் பறந்தும் போயிருக்கிறது. நல்லதாக ஒரு மூடின தொப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்று, போன வருஷம் கோடை விடுமுறையில் வேலைசெய்த காசு கையில் இருந்தபோது, குசினியில் கதிரையில் இருத்தி நாடாவைச் சுற்றினேன். ஐம்பது டொலருக்கு மேலே கொடுத்து வாங்குகிற சாமான், ஊகத்தில் வாங்கக்கூடாது என்பது என் கொள்கை. நாடா வலது காதுக்கு மேலே போனதும் அப்பா சட்டென்று தலையை இழுத்தார். மயிருக்குள் ஒரு விரல் நீளத்துக்கு மேடு. தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னா: "அதிலை இறுக்கமாப் படக்கூடாது. 95இலை செல் பீஸ் பட்ட இடம்."

இடப்பெயர்வுக்குக் கொஞ்சம் முந்தி, ஊரில். துண்டை எடுத்துத் தைத்த இடம். குளிருக்கு வலிக்குமாம், இறுக்கமாக ஏதாவது அழுத்தினாலும் வலிக்குமாம். அதனால்தான் மாரியில் கம்பளிக் குல்லாவைக்கூட ஒருபக்கம் தூக்கி விட்டிருக்கிறார். சரிந்த தொப்பி, கடைசித் துளை எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு.

நாடாவைத் தளர்வாகப் பிடித்து மறுபடி அளந்தேன். 59.8 சென்ரிமீற்றர். வகுத்தால் ஏழரை. சைஸைச் சொன்னதும் அம்மம்மா செபமாலைமாதிரி உருட்டிக்கொண்டிருந்த உருத்திராட்சத்தை நிறுத்திவிட்டு, "அதுதானே பாத்தன், அவற்றை தலையிலை ஏழரை இருக்கெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றா. அப்பாவே சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு தொப்பிக் கடைக்குப் போனால் என் கண் தொப்பியின் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. கவிழ்த்து உள்ளே பார்க்கிறேன். தலையில் உட்காருவது அந்த உள்பட்டிதான். ஆறு துண்டையும் சேர்த்த தையல் மேடுகள் ஆறும் அந்தப் பட்டிக்குக் கீழே வந்து முடிகின்றன. பக்கத்து மேடுகள் காதுப் பக்கமாக வரும். சாதாரணத் தலைக்கு அது தெரியவே தெரியாது. அப்பாவுக்கு வலது பக்க மேடு நேரே தழும்பில் இருக்கும். ஏழரை வாங்கினால் இறுக்கும், ஏழரையே அரைக்கால் வாங்கினால் இடப்பக்கம் ஆடும். இழுபடுகிற துணியில் வருகிற வகை இறுக்கமாட்டாது என்று கடைக்காரப் பெடியன் சொன்னான். ஆனால் இழுபடுகிற துணி சுற்றிவர ஒரே மாதிரி அழுத்தும், விட்டுக்கொடுக்காது. விறைப்பில்லாத 'அப்பாத் தொப்பி'தான் கடைசியில் கிட்ட வந்தது. நான் இவ்வளவு நேரமும் இளக்காரம் பண்ணின அதே தொங்கல் தொப்பி. மெல்லிய பருத்தி, பட்டிக்குள் நுரை இல்லை, பின்னுக்குத் துணிப்பட்டி. என் தலைக்கு அது இன்னும் துவாய்தான். அப்பாவின் தலைக்கு மெத்தை.

ஒன்று வாங்கினேன். கருநீலம், முன்னுக்குச் சின்னக் குருவி. அப்பா போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் இரண்டுதரம் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்று சொல்லி அலுமாரியில் வைத்தார். வேலைக்கு மறுபடி ஃபோம் தொப்பிதான். புதுசை லொறியில் அழுக்காக்கக்கூடாதாம்.

2025 ஒக்ரோபர் வந்தது. 1993க்குப் பிறகு முதல்தரமாக எங்கள் அணி உலகத் தொடருக்குப் போனது. ஊரே நீலம். தமிழ்க்கடையில் காசு வாங்குகிற அன்ரிகூடக் கொண்டைக்கு மேலே தொப்பியைச் செருகிக்கொண்டு கருவேப்பிலை நிறுத்தா. நான் தொடர் முடியும்வரை தொப்பியைக் கழுவுவதில்லை என்று விரதம். மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ்வரை இழுத்தது, விடியவிடிய விழித்திருந்து தோற்றோம். கடைசி ஆட்டம் நவம்பர் 1ஆம் திகதி இரவு, இங்கேயே, ரோஜர்ஸ் சென்ரரில். வீட்டில் எல்லாரும் ரீவிக்கு முன்னால். ஒன்பதாம் இன்னிங்ஸில் டொட்ஜர்ஸ் சமன் செய்ததும் தம்பி தன்னுடைய தொப்பியை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டான். நெருக்கடியில் இருக்கிற அணிக்கு ரசிகர்கள் அப்படிப் போடுவது வழக்கம், அதிர்ஷ்டம் திரும்புமாம். நானும் போட்டேன். அம்மாவுக்கு இது என்ன கோலம் என்று விளங்கவில்லை. அப்பா எழும்பி அறைக்குள் போனார். நித்திரைக்குப் போகிறார் என்று நினைக்க, அலுமாரி திறக்கிற சத்தம். தொங்கல் தொப்பியை உள்ளே வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து இருந்தார். விறைப்பில்லாத தொப்பி என்பதால் சுகமாகத் திரும்பியிருக்கிறது. அந்தச் சரிவு மட்டும் அதிலும் இருந்தது, இடப்பக்கம்.

11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்றோம். அம்மா ரீவியை நிறுத்தினா. தம்பி கதவைச் சாத்திக்கொண்டு படுக்கப்போனான்.

அடுத்த நாள் நான் தொப்பி கழுவினேன். குளிர் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், பழைய பல் தூரிகை. மெசினில் போடக்கூடாது, சொண்டு முறுகும். கழுவினதும் தலைக்குச் சரியான அளவுள்ள சட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் காயவைக்கவேண்டும், அப்போதுதான் வடிவம் போகாது. என்னுடையதுக்குப் பால்ச்சட்டி சரி. அப்பாவின் ஏழரைக்குச் சோத்துப்பானைதான் பொருந்தியது. அம்மா மத்தியானச் சமையலுக்குப் பானையைத் தேடிக்கொண்டு நின்றா.